டிராக்டருக்குக் காவல்

பரனகுவா துறைமுகத்தில் எங்கள் முதலாளியின் ராட்சத டிராக்டரை லாரியில் ஏற்றிய டிரைவர் ஜெனேசியோ மேல் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. "கண்கொத்திப் பாம்பா பாத்துக்கோ" என்றுதான் முதலாளி என்னைக் கூடவே அனுப்பியிருந்தார்.

சந்தேகம் சரிதான். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் டிராக்டர் டயர்களில் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பாத்தா தெரியல? போய் பீன்ஸ் சோறு தின்னு. அதுக்குத்தானே வந்திருக்க!"

பஞ்சர் என்று நாடகமாடி புது டயரைக் கழற்றிப் பழசை மாட்டிவிடத் திட்டம்! ஆள் குட்டித்தூக்கம் போட்டதும், லாரியின் காற்றுக் குழாயாலேயே நாலு டயரையும் திம்மென்று நிரப்பிவிட்டேன்.

மறுபடி கிளம்பினோம். சாலைக்குக் குறுக்கே தாழ்வான பாலம்.

"மெதுவாண்ணே, மேல இடிக்கும்போல!"

ஜெனேசியோ சிரித்துக்கொண்டே வேகமெடுத்தான்.

"பயந்தாங்கொள்ளி! நாலு விரக்கடைதான் இடிக்கும். அதுக்குத்தானே காத்தை எறக்கினேன்."