சுவரில் ஓடிய பல்லி

மரகதம் வீட்டு ஹாலில், டியூப்லைட்டுக்குப் பின்னால் இரண்டு பல்லிகள் குடியிருந்தன. மூத்தவன் குட்டைவாலன், இளையவன் செவலையன். மரகதம் அடிக்கடி போட்டுப் பார்க்கும் ஒரு பழைய படம் என்றால் இருவருக்கும் உயிர். அதில் கதாநாயகி கடிதம் படித்து அழும்போது, பின்சுவரில் ஒரு பல்லி விறுவிறுவென்று ஓடி மறையும். அந்த ஒரு நொடிக்காகக் குட்டைவாலன் வாய்க்கெட்டிய பூச்சியைக்கூட விட்டுவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே படத்தை டைரக்டரே திருத்தி வெளியிட்ட புது டிஸ்க்கை மரகதம் போட்டாள். கதாநாயகி அழுதாள். பின்சுவர் பளிச்சென்று இருந்தது. பல்லியைக் காணோம்.

"அழிச்சிட்டானே பாவி!" என்று பதறினான் குட்டைவாலன்.

"அவர் படம், அவர் திருத்துறார். அது ஷூட்டிங்ல தெரியாம குறுக்க ஓடின பல்லிதானே அண்ணே?" என்றான் செவலையன்.

"இருக்கட்டும்டா. இத்தனை வருஷமா நாம பார்த்தது வெறும் சுவரையா?"

செவலையன் வாயைத் திறப்பதற்குள் மரகதம் படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள்.

"என்னங்க, இங்க ஒரு பல்லி ஓடுமே, அது எங்க?" என்று கணவனுக்குக் குரல் கொடுத்தாள். பிறகு அலமாரியைக் குடைந்து, பழைய டிஸ்க்கை எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

குட்டைவாலனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நிம்மதியாகத் திரும்பினால், பக்கத்தில் செவலையன் இல்லை. அவன் எப்போதோ இறங்கிப்போய், டிவிக்கு மிக அருகில் இடம் பிடித்திருந்தான்.

"சீக்கிரம் வாங்கண்ணே, ஓடப்போகுது!"