திருவடிச் சிலாம்பு

ஐந்து வயதுச் சக்கரவர்த்தியின் உள்ளங்காலில் மூங்கில் சிலாம்பு ஏறி இன்றோடு மூன்று நாள். கியோத்தோ அரண்மனையில் திருமேனிமேல் ஊசி படக்கூடாதாம். மூங்கில் திரைக்கு அப்பால் ஏழு மந்திரிகள், விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு, சிலாம்பு எந்தத் திசையிலிருந்து ஏறியது என்று ஜோசியரை விசாரிக்கிறார்கள். வீங்கிய பாதம் செவிலி சனெகோவின் மடியில் அனலாகக் கொதிக்கிறது. "வலிக்குது, சனெ." "கண்ண மூடிக்குங்க ராசா. இவங்க நல்ல நாள் பாத்து முடிக்கறதுக்குள்ள காலே போயிடும்." குனிந்து, சிலாம்பைப் பல்லால் கவ்வி இழுக்கிறாள். வீறிட்ட பிள்ளை மெல்ல அடங்குகிறது. திரை விலகுகிறது. பிரதம மந்திரி பாதத்தைப் பார்க்கிறார், எழுத்தரிடம் திரும்புகிறார். "எழுதிக்கய்யா. நாம பண்ணின பூசையில அதுவா வெளிய வந்துடுச்சுன்னு." எழுத்தர் எழுதுகிறார். சனெகோ எழுந்துபோய், அந்த ஈர மையின்மேல் ரத்தச் சிலாம்பைத் துப்புகிறாள்.