படாக் மர வீடு

"ஒரு பலகையைக்கூடக் கழட்டக் கூடாது. பந்த் கரோ, வேலையை நிறுத்துங்க. எல்லாரும் கீழ இறங்குங்க."

லாங் ஐலண்டிலிருந்து வந்த படகை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேரே ஜங்லிகாட்டிலுள்ள அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள் ஜெயராணி. கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

வீட்டின் தகரக் கூரையை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார்கள். தூணும் உத்தரமும் ஒன்றோடொன்று கோத்தபடி நின்றன. கழற்றிய பலகைகளுக்குச் சாக்குக்கட்டியால் எண் போட்டு முற்றத்தில் அடுக்கியிருந்தார்கள்.

ஏணியில் நின்ற தச்சர்கள் பாலகுமாரைப் பார்த்தார்கள். அவள் தம்பி. வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் கட்டப் போவதாகப் போனில் சொன்னவன் அவன்தான்.

"அக்கா, ஆளுங்க முன்னாடி சத்தம் போடாதே."

"போடுவேன். இதுல பாதி எனக்கும் உண்டு."

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா வேலி ஓரம் வந்து நின்றாள். அப்பன் கட்டின வீட்டு மேல மகளுக்கு இருக்கிற பாசம் மகனுக்கு இல்லையே என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பாலகுமாருக்கு முகம் கறுத்தது.

அவன் அக்காவை ஓரமாக அழைத்துப்போய்ச் சமாதானம் சொன்னான். இடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டானாம். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்காரர் வீட்டை முழுசாக விலைக்குக் கேட்டாராம். பிரித்துக் கப்பலில் ஏற்றி, அங்கே கடலைப் பார்த்து இதேபோல நிறுத்துவார்களாம். அப்பா இழைத்த படாக் மரம் ஒன்றுகூட வீணாகாதாம். மாடி அறையைப் புதுசாகக் கல்யாணமான ஜோடிகளுக்கு விடுவார்களாம்.

அதைக் கேட்டதும் ஜெயராணி அவன் கையை உதறினாள்.

"இன்னும் என்னக்கா கோபம்? அப்பா வீடு அப்படியே நிக்கப் போகுது."

"நிக்கக் கூடாது. இடிக்கிறேன்னு சொன்னியே, அதைக் கண்ணால பார்க்கத்தான் ஓடி வந்தேன். நம்பர் போட்டுக் கழட்டுறதைப் பார்த்துத்தான் நிறுத்தச் சொன்னேன்."

கீழே கிடந்த கோடரியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"நம்ம பெரியக்கா அகிலா காய்ச்சல்ல செத்துட்டான்னுதானே மெயின்லேண்ட் ஹாஸ்டல்ல இருந்த உனக்குச் சொன்னாங்க? பெங்காலிப் பையனைக் கட்டிக்கிறேன்னு சொன்னதுக்காக அந்த மாடி அறையிலதான் அவளைப் பூட்டி வெச்சாரு அப்பா. காய்ச்சலும் அங்கதான் வந்துச்சு. அவ தட்டுற சத்தம் நின்ன பிறகுதான்டா கதவைத் திறந்தாரு."