வேலிக்கு முன்னால்

இருளர் குடிசைகளிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையைப் புதுக் கம்பிவேலி ஒன்று மறித்து நிற்கிறது. அதன் முன்னால் அந்தக் குடிசைகளில் ஒன்றில் வாழும் பாஞ்சாலி கைகட்டி நிற்கிறாள். உத்திரமேரூர்ப் பள்ளியின் மாணவர் பத்திரிகைக்காக வந்திருக்கும் அபிநயா செல்போனை நீட்டுகிறாள். திரையில் பதிவாவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னுகிறது. பயிற்சி தரும் கீதா டீச்சர் பின்னால் புங்கமர நிழலில் நிற்கிறார். வெயிலில் கம்பிகள் பளபளக்கின்றன. “வேலி போட்டது யாருன்னு நான் சொல்லணும், நீ புடிச்சிக்கினு போயி அவராண்ட காட்டணும், அதானே?” என்கிறாள் பாஞ்சாலி. “நீ யார் வூட்டுப் பொண்ணு?” அபிநயா டீச்சரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் தலையசைக்கவில்லை. அபிநயா செல்போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்கிறாள். “என் பேரு அபிநயா. இந்த வேலிய எங்கப்பாதான் போட்டாரு.” பாஞ்சாலியின் கைக்கட்டு அவிழவில்லை. “இன்னொரு தபா சொல்லு,” என்கிறாள்.