வேலியில் கிடந்த வலை

“இதுதான் மச்சாள்,” என்றான் உதயரூபன்.

மிருகக்காட்சிசாலையின் கம்பி வேலிக்கு அப்பால், பாசி படிந்த தண்ணீரின் ஓரத்தில் முதலை கிடந்தது. வாய் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது.

வதனி அதைப் பார்க்கவில்லை. அதைக் காட்டிய கையைப் பார்த்தாள். முன்பு துவக்குப் பிடித்த கை. யுத்தம் முடிந்த பிறகு வாடகை வான் ஓட்டுகிறது.

வேலியில் மாட்டியிருந்த பலகையில் ‘மட்டக்களப்பு வாவி’ என்று தமிழிலும் எழுதியிருந்தது. அவன் அதை இரண்டு தரம் தட்டிக் காட்டினான்.

வதனியின் கணவன் யோகன், இவனுடைய சொந்த அண்ணன். வலை வீசப் போன யோகனை முதலை இழுத்துக்கொண்டு போனதைக் கண்டவன் இவன் ஒருவன்தான். அது இரண்டாயிரத்து ஏழில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாவிக் கரையில். உடல் கிடைக்கவில்லை. வலை மட்டும் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை அது வேலியில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. விசாரிக்க வந்த சனம் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் நம்பியது.

வதனி பொட்டை அழிக்கவில்லை.

வரும் வாரம் அரச செயலகமான கச்சேரியில் காணாமற்போனவர்களைப் பற்றிய விசாரணை. அவள் யோகனின் பெயரைக் கொடுத்திருந்தாள். அதைக் கேள்விப்பட்ட அன்றே உதயரூபன் வாசலில் வந்து நின்றான். அண்ணனைத் தின்ற முதலையைப் பிடித்துத் தெற்கே மிருகக்காட்சிசாலையில் வைத்திருக்கிறார்களாம். வந்து கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகும் கச்சேரிக்குப் போனால் வருவதை அனுபவிக்கட்டும் என்றான்.

விடியவே அவனுடைய வானில் புறப்பட்டார்கள். செங்கலடி தாண்டியதும் யோகனைப் பெற்ற மாமி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வதனி வாங்கவில்லை.

மாமி இலட்சுமிப்பிள்ளை இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாத்திட்டாய்தானே. இண்டைக்கே அழி. மூணு வருஷமாப் பொட்டோட திரியிறாய், ஆருக்குக் காட்ட?”

“முதலைக்குத்தான்,” என்று உதயரூபன் சிரித்தான்.

வதனி பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்த பெண், தமிழ்ப் பேச்சுக் கேட்டு நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் நிஸ்றா.

“மட்டக்களப்பா நீங்க? நான் ஏறாவூர்,” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. முதலையைக் காட்டினாள். “இவரும் நம்மட ஊராள்தான். சுனாமிக்கு அடுத்த கிழமை செட்டிபாளையத்தில வட்டைக்குள்ள கிடந்தவர். வயல் முழுக்க உப்புத் தண்ணி, நடுவில இவர். சனம் அடிச்சிக் கொல்லப் பாத்தாங்க. எங்கட ஆக்கள்தான் காப்பாத்திக் கொண்டுவந்தாங்க. அண்டையிலிருந்து இஞ்சதான் இருக்கார். ஒரு மனிசரையும் தொடல்ல, பாவம்.”

சுனாமியில் யோகன் தப்பியிருந்தான். அதற்குப் பிறகும் இரண்டு போகம் வேளாண்மை வெட்டினான்.

உதயரூபனின் நீட்டியிருந்த கை மெல்ல இறங்கிக் காற்சட்டைப் பைக்குள் போனது.

 இத்தனை காலமும் வதனி ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருந்ததை, முன்பின் தெரியாத ஒரு பெண் பட்டப்பகலில் சொல்லிவிட்டாள். அவள் மாமியைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றவள் கேட்டுவிட்டாள். இனி அவன் சட்டையைப் பிடிப்பாள். என்ர புள்ளைய என்னடா செய்தாய் என்று கேட்பாள்.

மாமி நிஸ்றாவைத்தான் பார்த்தாள்.

“இது வேற, புள்ள. எங்கட முதலை வேற. உங்களுக்குத் தெரியாது.”

குரல் நடுங்கவில்லை. சொல்லும்போதே அவள் கை பின்னால் போய், உதயரூபனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பதுபோல.

நிஸ்றா ஒன்றும் விளங்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குரங்குகளின் பக்கம் நகர்ந்தாள்.

முதலை அசையவில்லை.

வதனி அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகன் போன அன்று பின்னேரம் உதயரூபன் முற்றத்தில் எறிந்துவிட்டுப் போன வலையை எடுத்து வேலியில் போட்டவள் அவள்தான். வலை காய்ந்திருந்தது. ஒரு பாசித் துரும்புகூட ஒட்டியிருக்கவில்லை. காலையில் அது சொட்டுவதைக் கண்டபோது, தன் கைதான் மரத்துப் போயிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

உதயரூபன் இரவு திரும்பி வரவில்லை. வீட்டில் அவளும் மாமியும் மட்டும்தான்.

இருட்டில் கிணற்றுக் கப்பி உருண்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மகன் செத்த துடக்குக்கு மாமி தலை முழுகுகிறாள் என்று எண்ணி, வதனி பாயில் கிடந்து அழுதாள்.

விடிந்ததும் மாமியைக் கட்டிப்பிடித்தபோது, அவள் தலைமயிர் காய்ந்துதான் இருந்தது.