முன்வரிசையில் ழாத்

அரபு எழுத்துகளில் ழாத்துக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தன்னைப் போல் ஓர் ஒலி வேறெந்த மொழியிலும் கிடையாது, அதனால்தான் அரபுக்கே 'ழாத்தின் மொழி' என்று பெயர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும்.

அரபைக் கொண்டாடி உலகமெங்கும் பரப்ப ஒரு விழா எடுத்தார்கள். ழாத்துக்கு முன்வரிசையில் இடம். பக்கத்து நாற்காலியில் விருந்தாளியாகத் தமிழின் ழகரம்.

பேரீச்சம்பழம் வந்தது. ஏலக்காய் மணக்கக் காவா என்ற அரபுக் காப்பி வந்தது. ஒட்டகம்கூட வந்து எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டு போனது. பிறகு பேச்சாளர்கள் வந்து, அரபின் அருமையை ஆங்கிலத்தில் விளக்கினார்கள். உலகத்துக்குப் புரிய வேண்டாமா என்று ழாத் தன்னைத் தேற்றிக்கொண்டது.

கடைசியாகத் தலைவர் அரபிலேயே முழங்கினார். ழாத் வரவேண்டிய இடத்திலெல்லாம் அவர் வாயில் வெறும் 'த'தான் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ழாத்தின் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுப் பிள்ளைங்க வாயிலேயே நான் நுழையலையே" என்றது.

"விடுங்க அண்ணாச்சி" என்றது ழகரம். "எங்க மாநாட்டுல 'தமில் வால்க'ன்னுதான் முழங்குவாங்க. அங்கேயும் எனக்கு முன்வரிசைதான்."

"அப்போ நீங்க என்ன செய்வீங்க?"

"கைதட்டுவேன். இல்லேன்னா அடுத்த விழாவுக்குக் கூப்பிட மாட்டாங்க."

ழாத் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு எழுந்து நின்று, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது.