ஐந்நூறு வாட்ஸ் லேபிள்

“தம்பியக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லம்மா” என்றார் கடைக்காரர் மணிகண்டராஜ், அவள் நீட்டிய சீட்டைப் படிக்காமலே.

“தம்பி கிடையாது அண்ணாச்சி. ஆடுறது நான்தான்” என்றாள் பாண்டிலட்சுமி.

எம். புதுப்பட்டியிலிருந்து திருத்தங்கல் வரைக்கும், பழைய கம்ப்யூட்டர் பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். இப்போது அது கடை மேசைமேல் இருந்தது.

சீட்டில் மூன்றே சாமான். கிராபிக்ஸ் கார்டு. எட்டு ஜிபி ராம். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்., அதுவும் நல்லதாக.

வருகிற ஞாயிறு போட்டி. நாலு பேர் கொண்ட அணி. துப்பாக்கி ஆட்டத்தில் எதிராளி எந்தப் பக்கமிருந்து சுடுகிறான் என்று திரையோரம் ஒரு சிவப்புக் கோடு மின்னும். பாண்டிலட்சுமி ஆடுவதே அந்தக் கோட்டை நம்பித்தான். அவளுடைய பழைய பெட்டியில் படம் நின்று நின்று ஓடியது. கோடு வந்து சேர்வதற்குள் செத்துக் கிடப்பாள்.

பெட்டியை மாற்று, இல்லையென்றால் ஆளை மாற்றிக்கொள்கிறோம் என்று அணியில் எழுதிவிட்டார்கள்.

மணிகண்டராஜ் அலமாரிப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பட்டாசுக் கம்பெனியின் சி.சி.டி.வி. பெட்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்த லோடுமேன் ஊர்க்காவலனும் கூட வந்தவரும் சிரித்தார்கள்.

“என்ன சொன்னாலும் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி.”

சிரிப்பு நின்றது.

மணிகண்டராஜ் திரும்பினார். கையில் கண்ணாடி வைத்த புதுக் கேபினட். உள்ளே தேர்க்கடை மாதிரி கலர் லைட். “இத எடுத்துக்க. எஸ்.எம்.பி.எஸ். கூடவே வருது. ஐந்நூறு வாட்ஸ், போட்டிருக்கு பாரு.”

தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

“லேபிள்ல என்ன வேணா அடிக்கலாம். நான் லேபிள் அடிக்கிற பிரஸ்லதான் வேலை பாக்கேன்.” எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பார்த்தாள். “வெடிச்சு முடிஞ்ச புஸ்வாணம் கணக்கா இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல.”

ஊர்க்காவலன் குலுங்கினார். மணிகண்டராஜுக்கு முகம் சிவந்தது.

“இதுல ஓடலன்னா நல்லத இதே விலைக்குத் தாரேன். போதுமா?”

“இவுக ரெண்டு பேரும் சாட்சி. ஆனா என் பெட்டில மாட்டாதீக. உங்க கடைப் பெட்டில மாட்டுங்க. எரிஞ்சா உங்களுதே எரியட்டும்.”

அவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிவிட்டு, அட்டையைக் கிழித்துக் கார்டை வெளியே எடுக்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஷட்டர் இரும்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்தாள். அப்புறம்தான் கார்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

“சாமி கும்பிடுதியோ?” என்றார் மணிகண்டராஜ்.

ஊர்க்காவலன் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். பட்டாசு மருந்து ரூமுக்குள் நுழையும்போது வாசல் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் போதும்.

“எந்தக் கம்பெனில இருந்த?” என்று அவள் எதிரே வந்து கேட்டார்.

“முன்னாடி இருந்தேன்” என்றாள்.

கார்டை மாட்டினாள். ராமை மாட்டினாள். ஆட்டம் திறந்தது.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது ஓரத்தில் கோடு மின்னியது. மின்னிய அதே நொடியில் திரும்பிச் சுட்டாள். வலது ஓரம். மறுபடி இடது. மூன்று பேரை வரிசையாகச் சாய்த்தாள். இத்தனை நாள் தோற்றது தான் இல்லை, அந்தப் பழைய பெட்டிதான் என்று அவளுக்கு உறுதியானது. நாலாவது ஆளைக் குறி வைத்தபோது திரை கறுத்தது.

கரண்டு போய்விட்டதா என்று மேலே பார்த்தாள். டியூப் லைட் எரிந்தது.

திரும்பினாள். கடையில் ஒருவரும் இல்லை.

மூன்று பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மணிகண்டராஜின் ஒற்றைச் செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரர்கூட கிளாசோடு அங்கேதான் நின்றார். இந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் ஓடுவார்கள், எதற்கு என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் புகை எழும்பியது. கருகல் நெடி மூக்கில் ஏறியது. அவள் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மணிகண்டராஜ் செருப்பைத் தேடி மாட்டினார். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பேசிய விலைக்கே பில் போட்டார். வெட்கமோ என்னவோ, மேலே ஒரு ஹெட்போன் அட்டையையும் வைத்தார்.

“இது சும்மா. காதுல மாட்டுனா எந்தப் பக்கம் சுடுதாங்கிறது துல்லியமாத் தெரியும். ஆமா, அம்புட்டுச் சத்தத்துக்கு நீங்க மட்டும் எப்படி அசையாம நின்னீக?”

பாண்டிலட்சுமி ஹெட்போன் அட்டையை அவர் பக்கமே தள்ளினாள்.

“இதுக்குப் பதிலா பெட்டிக்குள்ள மாட்டுற ஒரு ஃபேன் குடுங்க அண்ணாச்சி. மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க ரூம் வெடிச்சுச்சு. அன்னையிலருந்து எனக்கு ரெண்டு காதும் கேக்காது.”

ஊர்க்காவலன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குனியவில்லை. பில்லை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஃபேனுக்காகக் காத்து நின்றாள்.

மணிகண்டராஜ் அலமாரிப் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். முழுசாக இந்தப் பக்கம் திரும்பி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

“கறுப்பு வேணுமா, வெள்ளை வேணுமா?”